பிள்ளை என்னும் சிறப்புப்பெயர்: தோற்றமும் தாங்கியோரும்

காவிரிக்கு வடபால் திருவரங்கத்தில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் எனக் கருதப்படும் வைணவ ஆசிரியர் நம்பிள்ளை. அவ்வாற்றிற்குத் தென்பால், திருச்சிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரில் 1815ஆம் ஆண்டு பிறந்து மலைக்கோட்டையின் அடியில் தமிழ் பயின்றும் பயிற்றியும் வாழ்ந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இருவர் பெயரிலும் நிற்கும் சொல் ஒன்றே. ஆனால் அச்சொல் இரண்டிடத்தும் செய்யும் தொழில் ஒன்றன்று. முன்னவர்க்கு அஃது ஆசிரியர் அன்பினால் இட்ட பெயர். அவர் குலத்தை அது சுட்டுவதில்லை. பின்னவர்க்கு அது தந்தையார் சிதம்பரம் பிள்ளை வழியாக வந்த குலப்பட்டம். இவ்வேறுபாட்டை நோக்காது, பெயரீற்றைக் கண்ட அளவிலே குலத்தைத் துணிவார் இன்றும் உளர். உரையாசிரியர் வரலாற்றை எழுதப்புகுந்த மாணவர் ஒருவர் பெரியவாச்சான் பிள்ளையை வேளாளராக்கிவிடுதல் எளிது, அவரோ அந்தணர். ஆகவே இச்சொல்லின் வரலாற்றை அடி தொடங்கி ஆராய்தல் வேண்டப்படுவதாகின்றது.

தொல்காப்பிய மரபியல் இளமைப்பெயர்கள் ஒன்பதனை எடுத்தோதுகின்றது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்பன அவை. இவற்றுள் பிள்ளை என்பது எவ்வுயிர்க்கு உரியது என நோக்கின் வியப்பே தோன்றும். பறப்பனவற்றின் இளமைக்கு அஃது உரியதென்பது நூற்பா. ஓரறிவுயிராகிய மரஞ்செடிகளுக்கும் அது கொள்ளப்படும். மக்களின் இளமைக்கோ குழவியும் மகவுமாகிய இரண்டே உரியனவென்றும், ஒழிந்தவை உரியனவல்லவென்றும் அந்நூல் வரையறை செய்கின்றது. எனவே, இன்று மக்கட்பெயரோடு ஒட்டி நின்று மதிப்பினை உணர்த்தும் இச்சொல், மரபியல் நெறிப்படி மக்கட்கே உரியதன்று! கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை என நாட்டுப்புறத்தார் இன்றும் வழங்குவன அப்பழைய வழக்கின் எச்சங்கள் ஆகும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் தோப்புக்காரர் ‘நூறு பிள்ளை வைத்திருக்கிறேன்’ என்றால் அவர் கூறுவது தென்னங்கன்றுகளையே.

ஆயினும் அதே தொல்காப்பியத்தின் புறத்திணையியல் பிள்ளைநிலை, பிள்ளையாட்டு என்னும் இரு துறைகளைக் கூறுகின்றது. அவ்விடத்துப் பிள்ளை என்பது முன்னர்ப் போர்க்களம் சென்றறியாத இளமறவனைக் குறிப்பதாக உரையாளர் பொருள் கொண்டனர். மரபியலின் வரையறையும் புறத்திணையியலின் ஆட்சியும் முரண்படுவன போலத் தோன்றும். மரபியல் பிற்காலத்தது என்பார் இம்முரணையும் தம் கருத்திற்குச் சான்றாகக் காட்டலாம். எனினும் யாம் கருதுவது பிறிது. இயல்பு வழக்கில் பிள்ளை என்பது விலங்கும் பறவையும் மரமும் பற்றியே நின்றிருத்தல் கூடும். வீரனொருவனை அச்சொல்லால் அழைத்தது அன்பும் பெருமிதமும் கலந்த சிறப்பு வழக்காகலாம். சிங்கக்குருளை என்று சிறுவனைப் பாராட்டுவது போன்றது அது. அங்ஙனமாயின், மக்களைக் குறிக்கத் தொடங்கிய நாளிலேயே இச்சொல்லில் சிறப்புப் பொருளின் வித்து இருந்தது என்னலாம்.

குழந்தையைக் குறிக்கும் சொல் மதிப்புப்பெயராதல் தமிழுக்கே உரிய புதுமையன்று. இசுப்பானிய நாட்டில் அரசர் மக்கள் ‘இன்பான்டே’ எனப்பெற்றனர். அதன் சொற்பொருள் குழந்தை என்பதே. ஆங்கிலப் பழங்கதைப் பாடல்களில் வீரப்பட்டம் பெறக் காத்திருக்கும் உயர்குடி இளைஞன் ‘சைல்டு’ எனப்படுவான். பைரன் தம் நெடும்பாட்டின் தலைவனுக்கு அப்பழைய அடைமொழியையே சூட்டினார். செருமானிய நிலக்கிழார்க்கு வழங்கிய ‘யுங்கர்’ என்னும் பெயரும் இளந்தலைவன் என்னும் பொருளது. குடியில் பிறந்து உரிமைக்குக் காத்து நிற்பவனே பிள்ளை. அவ்வுரிமையின் பெருமை அச்சொல்லில் ஏறிவிடுகின்றது.

சோழர் கல்வெட்டுக்களில் இவ்வளர்ச்சி தெளிவாகக் காணப்படும். அரசிளங்குமரர் அவற்றில் ‘பிள்ளையார்’ எனப்பெறுகின்றனர். சைவ உலகில் திருஞானசம்பந்தர் ‘ஆளுடைய பிள்ளையார்’ ஆயினார். சேக்கிழார் பெரியபுராணத்தில் அவரைப் பெயர் சுட்டாது பிள்ளையார் என்றே பலகாலும் கூறிச்செல்வர். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில் ஆனைமுகக் கடவுள் ‘பிள்ளையார் கணவதியார்’ எனக் குறிக்கப்பெற்றுள்ளார். இங்கே பிள்ளையார் என்பது அடைமொழி. கணவதியார் என்பதே பெயர். நாளடைவில் பெயர் மறைய, அடைமொழியே பெயராய் நிலைத்தது. சிவபெருமானின் மூத்த மகன் என்னும் பொருளில் அவர் மூத்த பிள்ளையாரும், முருகன் இளைய பிள்ளையாருமாயினர். பாலிமொழியில் ‘பில்லக’ என்னும் சொல் இளங்கன்றைக் குறித்தலால், பிள்ளையார் என்பதற்கு யானைக்கன்று என்பதே முதற்பொருளாதல் வேண்டும் என்று வடபுலத்து ஆராய்ச்சியாளர் சிலர் கூறினர். சம்பந்தரும் சோழ இளவரசரும் அதே பெயரைத் தாங்கியிருக்க, யானையைத் தேடிச்செல்ல வேண்டுவதில்லை என்பது எம் துணிபு.

திருச்சிராப்பள்ளிக் குன்றின் முடியில் வீற்றிருக்கும் உச்சிப்பிள்ளையாரைத் திருவரங்கத்தோடு இணைக்கும் தலக்கதை யாவரும் அறிந்ததே. அரங்கவிமானத்தை இலங்கைக்குக் கொண்டுசென்ற வீடணன் காவிரிக்கரையில் அதனைச் சிறுவன் ஒருவனிடம் கொடுத்து நீராடச் சென்றான். சிறுவன் அதனை நிலத்தில் வைத்துவிட்டுக் குன்றேறினான். அச்சிறுவனே பிள்ளையார் என்பது கதை. கதையின் உண்மை இன்மை ஒருபுறமிருக்க, சொல்லாராய்ச்சிக்கு அது பயன்படுகின்றது. கதை நிகழ்வதற்கு அவர் சிறுவனாகவே இருத்தல் வேண்டும். பிள்ளையார் என்னும் சொல்லில் ‘பிள்ளை’ என்பதன் முதற்பொருள் கதை கூறுவோர் நெஞ்சில் மறையாதிருந்தது என்பதற்கு இது சான்று.

இனித் திருவரங்கத்து வழக்கினைச் சிறிது விரித்துரைப்பாம். இச்சொல்லின் வரலாற்றில் மிக வளமான பகுதி அதுவே. இராமானுசர் காலந்தொட்டு இரண்டு மூன்று நூற்றாண்டுகள் வரை அங்குப் பிள்ளை என்னும் சொல் பெயரின் முன்னும் பின்னும் நின்றது. முன் நின்றமைக்குப் பிள்ளை உறங்காவில்லிதாசர், பிள்ளைத் திருநறையூரரையர், பிள்ளை லோகாசாரியர் என்பாரைக் காட்டலாம். பின் நின்றமைக்கு நம்பிள்ளை, பெரியவாச்சான் பிள்ளை, வடக்குத் திருவீதிப் பிள்ளை, நாயனாராச்சான் பிள்ளை, திருவாய்மொழிப் பிள்ளை என்பாரைக் காட்டலாம். குலப்பட்டமாயின் அது பெயரின் ஈற்றில் நிலைபெற்று நிற்குமன்றி இங்ஙனம் இடம் மாறாது.

இப்பெயர்களில் ஒவ்வொன்றற்கும் தனித்தனிக் காரணம் உண்டு. நம்பிள்ளையின் இயற்பெயர் வரதராசர் என்பது குருபரம்பரை மரபு. அவர்தம் ஆசிரியர் நஞ்சீயர், தாம் திருவாய்மொழிக்கு எழுதிய ஒன்பதினாயிரப்படி உரையைப் படியெடுத்துத் தருமாறு ஓலைச்சுவடியை அவரிடம் கொடுத்தார். அவர் சுவடியுடன் காவிரியைக் கடக்கையில் வெள்ளம் அதனைக் கொண்டுசென்றது. ஊர் சென்றவர், தாம் கேட்டிருந்தவற்றை நினைவிற்கொண்டு உரை முழுவதையும் எழுதி முடித்தார். சில இடங்களில் ஆசிரியர் கூறியதினும் சிறந்த பொருள் அமைந்திருந்தது. நிகழ்ந்ததை அறிந்த நஞ்சீயர் அவரைத் தழுவி ‘நம் பிள்ளை’ என்றழைத்தார் என்பர். நம் என்னும் உரிமைச் சொல் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. நம்பெருமாள், நம்மாழ்வார், நஞ்சீயர், நம்பிள்ளை என்னும் நான்கும் ஒரே வாய்பாட்டின. நம் என்பது சீயர் என்பதனோடு புணர்ந்து நஞ்சீயர் ஆயிற்று. பிள்ளை என்பதனோடு புணர்ந்து நம்பிள்ளை ஆயிற்று. மணவாள மாமுனிகள் தம் உபதேசரத்தினமாலையில் இந்நான்கு பெயர்களையும் ஒருங்கே வைத்து, அன்பினால் இடப்பட்டவை அவை என்று குறிப்பதும் இதனை வலியுறுத்தும்.

வடக்குத் திருவீதிப் பிள்ளை என்னும் பெயரில் இருப்பது ஊரின் தெரு. திருவரங்கத்தின் வடக்குத் திருவீதியில் வாழ்ந்தமையின் அவர் அப்பெயர் பெற்றார். இயற்பெயர் கிருட்டிணர் என்பது. பெரியவாச்சான் பிள்ளையின் இயற்பெயரும் அதுவே. ஒரே பெயருடைய இருவரும் ஒரே ஆசிரியரின் மாணாக்கராய் ஒரே ஊரில் இருந்தமையின், வேறுபடுத்தும் அடைமொழிகள் இன்றியமையாதனவாயின. ஆச்சான் என்பது ஆசாரியன் என்பதன் திரிபு. திருவாய்மொழிப் பிள்ளை தம் வாழ்நாளைத் திருவாய்மொழிக்கே உரியதாக்கியமையின் அப்பெயர் எய்தினார். திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி கண்ட திருக்குருகைப்பிரானோ ‘பிள்ளான்’ எனப்பட்டார். அவர் இராமானுசரின் ஞானப்புதல்வராகக் கொள்ளப்பட்டவர் என்பதை நினைக்க, இவ்வழக்கின் அடிப்படை விளங்கும். மாணாக்கன் ஆசிரியனுக்கு மகனாவான், அம்மகன்மை பட்டமாகின்றது.

வடக்குத் திருவீதிப் பிள்ளையின் மகனுக்கு இடப்பட்ட பெயர் மற்றொரு வகையில் கருதத்தக்கது. லோகாசாரியர் என்பது நம்பிள்ளைக்கு வழங்கிய சிறப்புப்பெயர். தம் ஆசிரியரின் நினைவாக அப்பெயரையே குழந்தைக்கு இட்ட தந்தையார், அதன் முன் பிள்ளை என்பதைச் சேர்த்தார் என்பது மரபு. மூத்த லோகாசாரியரினின்றும் இளைய லோகாசாரியரைப் பிரித்துக் காட்டுதற்கு இச்சொல் உதவிற்று. ஆங்கிலத்தில் தந்தை பெயரே தாங்கிய மகனுக்கு ‘இளையவர்’ என்று அடைகொடுத்து எழுதும் முறையோடு இஃது ஒக்கும். சிரீவசனபூடணம் இயற்றிய அப்பெரியார், 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது நம்பெருமாளின் திருமேனியைக் காத்துத் தென்றிசை கொண்டுசென்று, மதுரையை அடுத்த சோதிட்குடியில் மறைந்தார் என்று வைணவர் போற்றுவர்.

இப்பெயர் தாங்கியோர் எல்லாரும் ஒரு குலத்தினர் அல்லர் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். பிள்ளை உறங்காவில்லிதாசர் உறையூரில் வாழ்ந்த மல்லர். தம் மனைவி பொன்னாச்சியாரின் கண்ணழகிற்கு ஆட்பட்டிருந்து, பின் இராமானுசரால் அரங்கன் கண்ணழகிற்கு ஆட்படுத்தப்பெற்றவர். அவர் அந்தணர் அல்லர். பிள்ளை லோகாசாரியரின் மாணாக்கருள் ஒருவராய்ச் சத்தகாதை இயற்றிய விளாஞ்சோலைப் பிள்ளை, திருவனந்தபுரத்தில் ஈழவர் குலத்தில் தோன்றியவர் என்பது மரபு. கோயிலுள் புகுதற்கு இயலாமையால் விளாமரத்தின்மீது ஏறிக் கோபுரத்தைக் கண்டு தொழுதமையின் அப்பெயர் பெற்றனர் என்பர். கோயில் வாயில் அடைத்திருந்த ஒருவர்க்குத் திருவரங்கத்து ஆசிரியர் கூட்டம், தம் தலைவர்க்கு வழங்கிய பெயரையே வழங்கியது. சாதிப்பட்டம் என்று இதனைக் கொள்வோர் இவ்வரலாற்றினை எங்ஙனம் அமைதி காட்டுவர்? பிற்காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், அட்டப்பிரபந்தம் பாடிய பிள்ளைப்பெருமாள் ஐயங்கார் பெயரில் பிள்ளை முன்னும் ஐயங்கார் பின்னும் நிற்கின்றன. சமூகத்தைச் சுட்டும் பெயர் ஈற்றில் வந்துவிட்டமையின், முன்னிற்கும் பிள்ளை வேறு தொழிற்குரியது என்பது வெளிப்படை. திருவரங்கத்து அந்தணர் பேச்சில் இளைஞனைப் ‘பிள்ளையாண்டான்’ என்னும் வழக்கும் இத்தொடர்பில் எண்ணத்தக்கது.

அன்பின் பெயராய் இருந்தது எப்பொழுது குலத்தின் பெயராயிற்று? ஒரே நாளில் நிகழ்ந்த மாற்றம் அன்று அது. அரசியல் அலுவலும் கணக்குத்தொழிலும் இடைப்பாலமாயின என்று கருதலாம். ஊர்க்கணக்கு எழுதுவோன் கணக்குப்பிள்ளை எனப்பட்டான். கிழக்கிந்தியக் கும்பினியார் ஆவணங்களில் இச்சொல் ‘கானிகோபொலி’ என உருமாறி வழங்கியது. இங்கே பிள்ளை என்பது ஒரு பெருந்தலைவனுக்கு அணுக்கனாய், அவன் உடைமையைக் காப்பவனாய் இருக்கும் அலுவலனைக் குறிக்கும். புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாசியாய் விளங்கி, 1736ஆம் ஆண்டு முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) ஆயர் குலத்தவர், வேளாளர் அல்லர். எனினும் அவர் பிள்ளை ஆயினார். பிரெஞ்சு ஆவணங்களில் அப்பெயர் ‘புலே’ என்னும் ஒலிபெறுமாறு எழுதப்பட்டது. தர்சுடன் 1909ஆம் ஆண்டு வெளியிட்ட குலங்களும் குடிகளும் பற்றிய நூலில், பிள்ளை என்பது தமிழ்நாட்டில் முதன்மையாக வேளாளரின் பட்டம் எனக் கூறி, குடிக்கணக்கின்போது அகமுடையார், இடையர், நாயர் முதலிய பல வகுப்பினரும் தமக்கு அதனையே பட்டமாகப் பதிவு செய்தனர் எனக் காட்டுகின்றார். பத்தாண்டுக்கொருமுறை அரசினர் எடுத்த கணக்கே பட்டங்களை இறுகச் செய்தது என்பதில் ஐயமில்லை. படிவத்தில் ஒரு கட்டம் இருந்தால் அதனை நிரப்ப வேண்டுமன்றோ!

இசைவேளாளரும் இப்பட்டம் பெற்றவர். நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையை (1898–1956) அறியாதார் இலர். திருச்சிராப்பள்ளியின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்ட பிடில் வித்துவான் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையும் உளர். சமயம் மாறியோரும் பட்டத்தை விட்டிலர். திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826இல் பிறந்து, 1879இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். இரட்சணிய யாத்திரிகம் பாடிய கிருட்டிணப் பிள்ளை 1858இல் கிறித்தவரானார், பிள்ளையாகவே இருந்தார். வேதநாயகம் பிள்ளைமீது குளத்துக்கோவை பாடியவர் சைவராகிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை. திருவானைக்கா அகிலாண்டநாயகிக்கும் சேக்கிழார்க்கும் பிள்ளைத்தமிழ் பாடிய இப்பிள்ளையின் வரலாற்றை எழுதிய உ. வே. சாமிநாதையர், தம் ஆசிரியரைப் பெயரிட்டுக் கூறாது ‘பிள்ளையவர்கள்’ என்றே குறிப்பார். சேக்கிழார் சம்பந்தரைக் கூறிய முறை இது. குலப்பட்டம், அன்பு மிக்க மாணாக்கர் ஒருவரின் எழுதுகோலில், மீண்டும் ஒரு தனிமனிதரின் பெயராகிவிட்டது.

மலையாள நாட்டிலும் இச்சொல் உண்டு. தலை, மலை என்பன அம்மொழியில் தல, மல என வருதல் போலப் பிள்ளை என்பது ‘பிள்ள’ என வரும். வேணாட்டிலும் திருவிதாங்கூரிலும் அது நாயர் குலத்தாரின் பட்டம். அரசரால் அளிக்கப்பெறும் சிறப்பாகவும் இருந்தது. மார்த்தாண்டவர்மரை (1729–1758) எதிர்த்து அழிந்த எட்டுவீட்டில் பிள்ளைமார் கதை அந்நாட்டு வரலாற்றில் பேரிடம் பெற்றது. ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கும் மலையாளப் பிள்ளைக்கும் குடிவழியில் தொடர்பு இருத்தல் வேண்டும் என்பது இல்லை. முன்னவர்க்குத் தந்தைவழி, பின்னவர்க்கு நெடுங்காலம் மருமக்கள்தாயம். தகழி சிவசங்கரப் பிள்ளையின் பெயரில் தகழி என்பது ஊர். சங்ஙம்புழை கிருட்டிணப் பிள்ளையின் பெயரில் சங்ஙம்புழை என்பது வீட்டுப்பெயர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை, கேரளப் பல்கலைக்கழக மலையாளப் பேரகராதியின் முதற் பதிப்பாசிரியர் சூரநாட்டு குஞ்ஞன் பிள்ளை. இரு மொழியின் சொற்களையும் தொகுத்தவர் இருவரும் ஒரே சிறப்புப்பெயர் தாங்கினர். இருவரும் வேறுவேறு குலத்தினர். பெயரொற்றுமை கொண்டு உறவு கூறுதல் எத்துணைப் பிழை என்பதற்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

எல்லையில் நின்றவரும் உளர். ஆலப்புழையில் 1855இல் தமிழ் வேளாளர் குடியில் பிறந்து, திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராய் இருந்த பெ. சுந்தரம் பிள்ளை நாயர்ப் பிள்ளைமாரிடையே தமிழ்ப் பிள்ளையாய் வாழ்ந்தார். ஆளுடைய பிள்ளையாரின் காலத்தை ஆராய்ந்து வரையறுத்தவரும் அவரே. மலபாரில் முசுலிம்களுக்கும், திருவிதாங்கூர்ப் பகுதியில் சிரியன் கிறித்தவர்க்கும் வழங்கிய ‘மாப்பிள்ளை’ என்னும் பெயரும் பிள்ளையின் வழிவந்ததே. பெரும்பிள்ளை என்னும் மதிப்புப் பொருள் கொள்வாரும், மணமகன் என்னும் பொருள் கொள்வாரும் உண்டு. மலையாள மனோரமையை நிறுவிய கண்டத்தில் வர்கீசு மாப்பிள்ளையின் பெயரில் அது மதிப்புப்பெயராகவே நிற்கின்றது. தெலுங்கிலோ பில்ல என்பது குழந்தையைக் குறிக்கும் எளிய சொல்லாகவே நின்றுவிட்டது. பில்லலமர்ரி பினவீரபத்திரர் என்னும் தெலுங்குக் கவிஞரின் பெயரைக் கண்டு அவரையும் இக்கூட்டத்திற் சேர்த்துவிடலாகாது. பில்லலமர்ரி என்பது ஊர்ப்பெயர்.

ஈழத்து வழக்கு மற்றொரு வகையினது. யாழ்ப்பாணத்தில் பிள்ளை என்பது பெயரோடு புணர்ந்து ஒரு சொல்லாகிவிடும்: தாமோதரம்பிள்ளை, ஆறுமுகம்பிள்ளை என்பன போல. தொல்காப்பியமும் கலித்தொகையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் தலைப்பெழுத்துக்களை விரித்து நோக்குக. சிறுப்பிட்டி என்பது ஊர். வைரவநாதர் என்பது தந்தை. தந்தை பெயரில் பிள்ளை இல்லை. அவர்தம் மைந்தரோ கிங்சுபரி என்னும் ஆங்கிலப் பெயரோடு கிறித்தவப் போதகராய் விளங்கினார். மூன்று தலைமுறையில் பட்டம் ஒருமுறையே வந்து மறைந்தது. ஆகலின் அது பட்டமன்று, இயற்பெயரின் ஒரு கூறே என்க. நீர்கொழும்பை அடுத்த கடற்கரையில் வாழும் கத்தோலிக்கரிடையே ‘பெர்னாண்டோபுள்ளே’ என்னும் குடும்பப்பெயர் உண்டு. போர்த்துக்கீசியரின் பெர்னாண்டோவும் தமிழரின் பிள்ளையும் ஒன்றாய்ப் புணர்ந்து, சிங்களம் பேசுவோரும் தாங்கும் பெயராய் அது வழங்குகின்றது. 2008இல் குண்டுவெடிப்பில் உயிரிழந்த இலங்கை அமைச்சர் செயராசு பெர்னாண்டோபுள்ளே இப்பெயரினர்.

கடல் கடந்த தமிழரிடையே தான் இது மேனாட்டு முறைப்படி முழுமையான குடும்பப்பெயராயிற்று. 1819இல் இராபிள்சு என்பாருடன் சிங்கப்பூர் சென்று, அங்கு மாரியம்மன் கோயில் எடுத்த நாராயண பிள்ளைக்கும், கோலாலம்பூரில் பத்துமலைக் கோயிலுக்கு அடிகோலிய தம்புசாமிப் பிள்ளைக்கும் அது பழைய பட்டமாகவே இருந்தது. ஆனால் 1860ஆம் ஆண்டு முதல் ஒப்பந்தக் கூலிகளாய் நேட்டாலுக்குச் சென்றோரின் பெயர்கள் அரசாங்கப் பதிவேட்டில் ஏறிய பின்னர், ஈற்றில் நின்ற சொல் மாறாத குடும்பப்பெயராயிற்று. தமிழ்நாட்டில் பெண்டிர் தம் பெயரோடு பிள்ளை என்பதைச் சேர்ப்பதில்லை. அம்மாள், ஆச்சி என்பனவே வழக்கு. தென்னாப்பிரிக்காவிலோ பெண்ணும் பிள்ளை ஆகின்றார். 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை உயர் ஆணையராய் இருந்த நவநீதம் பிள்ளை, டர்பனில் 1941இல் பிறந்த தமிழ்ப்பெண்மணி. அவர் பெயரைத் தமிழ் இதழில் முதன்முறை கண்டவர் ஆடவர் என்றே எண்ணியிருப்பர். இதற்கு மாறாக, மதுரைப் பகுதியில் களஞ்சியம் என்னும் மகளிர் சேமிப்புக் குழுக்களை வளர்த்து, 2019இல் பத்மசிறீ விருது பெற்ற சின்னப்பிள்ளை என்னும் மூதாட்டியின் பெயரில் இருப்பது பட்டமும் அன்று, குடும்பப்பெயரும் அன்று. இளையமகள் என்னும் பழம்பொருளே.

1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களை விடுமாறு தீர்மானித்த பின்னர், தமிழ்நாட்டில் இப்பெயரீறு படிப்படியாய்க் குறைந்தது. பட்டத்தை விட்டவர் செய்தது தக்கதே. அவர் விட்டது குலத்தின் உயர்வு தாழ்வு கூறும் கருவியை. ஆனால் முன்னோர் பெயரிலிருந்தும் அதனை நீக்கி எழுதும் வழக்கம் பிறகு எழுந்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளை சிதம்பரனார் ஆனார். தூத்துக்குடித் துறைமுகம் 2011இல் அப்பெயர் பெற்றது. சுந்தரம் பிள்ளை சுந்தரனார் ஆனார். 1990இல் திருநெல்வேலியில் தோன்றிய பல்கலைக்கழகம் மனோன்மணீயம் சுந்தரனார் பெயரைத் தாங்கியது. மதிப்பு விகுதி ஒன்றை எடுத்து மற்றொன்றை வைத்தமையின் மரியாதை குன்றவில்லை. எனினும் பிள்ளையை நீக்குவோர் திருவரங்கத்துக்கு வந்தால் என் செய்வர்? நம்பிள்ளையில் பிள்ளையை நீக்கினால் எஞ்சுவது ‘நம்’ என்பதே.

இது நகையாடுதற்குக் கூறியதன்று. நூலகங்களில் நாள்தோறும் எதிர்ப்படும் இடர். மேனாட்டு நூற்பட்டி முறையில் ஈற்றுச்சொல்லைத் தலைப்பாகக் கொண்டு பதிவு செய்தால், பிள்ளை என்னும் ஒரே தலைப்பின்கீழ் பெரியவாச்சானும் மீனாட்சிசுந்தரமும் வையாபுரியும் தகழியும் அடுத்தடுத்து நிற்பர்; பிள்ளை லோகாசாரியரும் உறங்காவில்லிதாசரும் வேறிடம் போவர். தாமோதரம்பிள்ளை தகரத்தின்கீழ் நிற்பார். இந்தியப் பெயர்களைப் பதிவதில் உள்ள இச்சிக்கலைச் சீகாழியிற் பிறந்த நூலகவியலறிஞர் சீ. இரா. அரங்கநாதன் தம் நூற்பட்டி விதிகளில் ஆராய்ந்துள்ளார். மாணவர் தாமே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. ஒரு பெயரில் பிள்ளை நின்றால், அது ஆசிரியர் இட்டதா, அலுவலால் வந்ததா, தந்தைவழியதா, இயற்பெயரின் பகுதியா, பதிவேட்டினால் இறுகியதா என்று வினவிக்கொண்டு, அதன் பின்னரே தலைப்பினை வரைதல் வேண்டும். திருவரங்கத்து உரையாசிரியர்க்கு முழுப்பெயரே தலைப்பு. மகாவித்துவான் போல்வார்க்கு மீனாட்சிசுந்தரம் என்னும் இயற்பெயர். நேட்டால் தமிழர்க்குப் பிள்ளை. மனோன்மணீயம் ஆசிரியர்க்கு மட்டும் இரண்டு அட்டைகள் எழுதுதல் நன்று: 1891இல் வெளிவந்த முதற்பதிப்பைத் தேடுவோர் சுந்தரம் பிள்ளை என்றே தேடுவர், அண்மைப் பதிப்புக்களைத் தேடுவோர் சுந்தரனார் என்பர்.